குலமுறை தேடுவோர்

பழனிக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில், கொய்யாத் தோப்புகளுக்குப் பெயர்பெற்ற ஊர் ஆயக்குடி. நாயக்கர் ஆட்சிக் காலத்தில் அது திண்டுக்கல் சீமையைச் சேர்ந்த பாளையப்பட்டுகளுள் ஒன்று, பின்னர் ஜமீன். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அந்நிலையும் மாறியது. அதே மலைத்தொடரின் மேலே இருப்பது கோடைக்கானல். வெள்ளையர் தங்கள் உடல்நலம் கருதி அமைத்துக்கொண்ட ஊர் அது. அடிவாரத்திலே பாளையக்காரரின் வம்சாவளி. மலைமேலே அயல்நாட்டிலிருந்து வந்தோரின் பெயர்கள். இவ்விரண்டையும் சேர்த்து நினைக்கும்போது எனக்கு ஒரு வினா எழுவதுண்டு. ஒரு குடும்பத்தின் வரலாறு மெய்யென்று நாம் எதைக் கொண்டு கூறுகிறோம்?

ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாடுகளிலும், அங்கிருந்து கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்று குடியேறியோரிடையிலும், தம் முன்னோரைத் தேடிக் கண்டறிவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர் மிகப் பலர். இவர்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அல்லர். பெரும்பாலோர் வேறு தொழில் செய்பவர்கள். அவர்களுடைய தேடல் சில வேளைகளில் நம் தமிழ்நாட்டில் வந்து முடிகிறது. பாட்டனாருக்குப் பாட்டனார் கும்பினியின் படைவீரராகச் சென்னைக்கு வந்து இங்கேயே மண்ணுக்குள் உறங்கியிருப்பார்.

மாணவர்களே, இத்தகைய குடும்ப வரலாற்று முயற்சி ஒன்று நம் நாட்டு வரலாற்றுக்கே பெரும் பயன் விளைத்த செய்தியை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தின் வடமேற்கே லூயிஸ் என்னும் தீவில், ஸ்டோர்னோவே என்ற ஊரில், 1754ஆம் ஆண்டில் பிறந்தவர் காலின் மெக்கன்சி. அக்காலத்தில் நேப்பியர் பிரபு என்பவர் தம் முன்னோராகிய ஜான் நேப்பியரின் வரலாற்றை எழுத விரும்பினார். ஜான் நேப்பியர் யார்? 1614ஆம் ஆண்டில் மடக்கை என்னும் லாகரிதக் கணக்கை உலகுக்கு அளித்தவர். அந்நூலுக்காக இந்தியரின் கணித அறிவு பற்றிய செய்திகளைத் திரட்ட உதவினார் இளைஞர் மெக்கன்சி. பிரபு இறந்தபின், 1783ஆம் ஆண்டில் அவர் இந்தியாவுக்கு வந்தார். பிரபுவின் மகளார் ஹெஸ்டர் அம்மையார் தம் கணவருடன் அப்போது மதுரையில் இருந்தார். அவர் வாயிலாக மெக்கன்சி மதுரை அறிஞர்களுடன் பழகும் வாய்ப்பைப் பெற்றார். இந்நாட்டு வரலாற்றின்மீது அவருக்கு அங்கே பிறந்த ஆர்வம் இறுதிவரை குன்றவில்லை.

அவர் 1815ஆம் ஆண்டில் இந்தியாவின் தலைமை நில அளவையாளரானார். 1821ஆம் ஆண்டில் காலமானார். இந்தியாவில் பணியாற்றிய காலத்தில் போரய்யா, இலட்சுமய்யா முதலிய கவலி குடும்பத்துச் சகோதரர்களின் துணைகொண்டு ஓலைச்சுவடிகள், கல்வெட்டுப் படிகள், ஊர்க் கைபீதுகள், பாளையப்பட்டுகளின் வம்சாவளிகள் ஆகியவற்றை ஆயிரக்கணக்கில் தொகுத்தார். அவற்றின் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இன்றும் உள்ளது. ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பத்தின் முன்னோர் தேடல், நம் பாளையக்காரர்களின் முன்னோர் கதைகளைக் காப்பாற்றித் தந்தது என்று கூறினால் அது மிகையாகாது.

இனி, அந்த வம்சாவளிகளை நாம் எப்படிப் படிக்க வேண்டும்? பலவற்றில் ஒரே போக்கைக் காண்கிறோம். முதல் முன்னோர் வடக்கேயிருந்து வருகிறார். ஒரு வீரச்செயல் புரிகிறார். மன்னர் மகிழ்ந்து பட்டமும் நிலமும் அளிக்கிறார். மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களுள் ஒன்றைக் காக்கும் பொறுப்பும் அவருக்குக் கிடைக்கிறது. இவை எழுதப்பட்ட காலத்தை நினைவில் கொள்ளுங்கள். 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை திப்புவிடமிருந்து கும்பினியின் கைக்கு வந்தது. புதிய அரசு, "உமக்கு இந்நிலத்தில் என்ன உரிமை?" என்று கேட்டது. அதற்குரிய விடையே வம்சாவளி. ஆகவே அது வரலாறு மட்டுமன்று. வழக்கிலே தாக்கல் செய்யும் மனுவைப் போன்றதுமாகும். அதனைப் பொய்யென்று ஒதுக்கிவிடக் கூடாது; கூறியவருக்கு அதனால் என்ன ஆக வேண்டியிருந்தது என்று கேட்டுப் படிக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் மலைநாட்டுத் தலைவர்களும் தம் குலப்பெருமை கூறுவதற்கென்றே பரம்பரைப் புலவர்களை வைத்திருந்தனர். பெருமைக்காகக் கூறப்படும் குலமுறை எந்நாட்டிலும் ஒரே தன்மையதே.

பெயர் வைக்கும் முறையிலும் நமக்கும் அவர்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மெக் என்றால் மகன். மெக்கன்சி என்பது கென்னத் என்பாரின் மகன் எனப் பொருள்படும். அயர்லாந்துப் பெயர்களின் முன்வரும் ஓ என்பது பேரன் அல்லது வழித்தோன்றலைக் குறிக்கும். ஸ்காட்லாந்தின் பழைய வழக்கப்படி முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயரையும் இடுவர். நம் வழக்கமும் இதுவே அன்றோ! பாட்டனின் பெயரைத் தாங்குவதால்தான் அவன் பெயரன். அதுவே பேரன் என்றாயிற்று. ஆயினும் அவர்களுக்குக் குடும்பப் பெயர் தலைமுறைதோறும் தொடர்கிறது. நம் முதலெழுத்தோ தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடுகிறது. ஆதலால் நம் முன்னோரைத் தேடுவது இன்னும் கடினம்.

குலமுறை ஆராய்ச்சியின் முதல் விதி, தன்னிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லுதல். புகழ்பெற்ற ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரிடமிருந்து தன்னை நோக்கி வருதல் தவறு. ஒவ்வொரு படிக்கும் சான்று வேண்டும். ஸ்காட்லாந்தில் 1855 முதலும், அயர்லாந்தில் 1864 முதலும் பிறப்பு, இறப்பு, திருமணம் அனைத்தையும் அரசே பதிவு செய்து வருகிறது. அதற்கு முன்னே செல்ல மாதாகோயில் பதிவேடுகளே துணை. நம் சென்னைக் கோட்டையிலுள்ள தூய மேரி ஆலயத்தின் பதிவுகள் 1680ஆம் ஆண்டிலேயே தொடங்குகின்றன. பிற்காலத்தில் சென்னைக் கவர்னரான ஈலிஹு ஏல் அவர்களின் திருமணம் அவ்வாண்டில் அங்கேதான் நடந்தது. இத்தகைய பதிவுகளின் படிகள் லண்டனுக்கும் அனுப்பப்பட்டன.

படி எடுத்து வேறிடத்தில் வைப்பதன் அருமையை அயர்லாந்தின் வரலாறு உணர்த்துகிறது. 1922 ஜூன் 30ஆம் நாள், உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் நகரத்து ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதியும், உயில்களும், பல நூறு ஆலயப் பதிவேடுகளும் சாம்பலாயின. அவ்வாறு ஊரில் சுவடழிந்துபோன ஓர் ஏழைப் படைவீரனின் பிறந்த ஊரை, கும்பினியின் படைப் பதிவேடு இன்றும் கூறக்கூடும். கல்லும் அவ்வாறே. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் சிவில் அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் திரட்டி 1905ஆம் ஆண்டில் நூலாக்கினார். மழையும் வேரும் கல்லைச் சிதைத்தபின்னும் எழுத்து நூலிலே நிற்கிறது.

ஆனால் பதிவேடுகள் எல்லோரையும் ஒன்றுபோல் நடத்தவில்லை. கோடைக்கானல் ஏரியை 1863ஆம் ஆண்டில் உருவாக்கியவர் மதுரைக் கலெக்டர் வியர் லெவிஞ்ச். அவர் குடும்பம் 1704 முதல் பரம்பரைப் பட்டம் பெற்ற அயர்லாந்துக் குடும்பம். அதன் குலமுறை அச்சிட்ட நூல்களிலேயே உள்ளது. அதே நாட்டிலிருந்து வந்த சாதாரணப் படைவீரனுக்கோ ஒரு வரிதான் உண்டு. அவன் இந்நாட்டுப் பெண்ணை மணந்தோ சேர்ந்தோ வாழ்ந்திருந்தால், குழந்தையின் ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் பெயரும் படைப்பிரிவும் இருக்கும். தாயைச் 'சுதேசப் பெண்' என்று மட்டும் குறித்துவிட்ட பதிவுகள் பல. இன்று அயல்நாட்டில் தன் முன்னோரைத் தேடும் ஒருவர், தம் இரத்தத்தில் ஒரு பகுதி தமிழ்ப் பெண்ணுடையது என்று அறிகிறார்; அவள் பெயரை அறிய வழியில்லை. பாளையப்பட்டு வம்சாவளிகளிலும் தந்தையரின் வரிசையே நீளுகிறது. தாயரின் பெயர்கள் அரியனவே.

நான் ஆசிரியனாக இருந்தபோது மாணவர்களிடம் குடும்ப மரம் எழுதச் சொல்வதுண்டு. பூட்டனின் பெயரைச் சிலர் எழுதுவர். பூட்டியின் பெயரை எழுதியவர் மிகச் சிலரே. நமக்கும் ஆவணங்கள் உண்டு: கிரயப் பத்திரம், பட்டா, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. இவற்றையும் ஆராய்ந்தே நம்ப வேண்டும். பழைய சேர்க்கைப் பதிவேட்டில் காணும் பிறந்த நாள் பல வேளைகளில் பள்ளியில் சேரும் வயதுக்கேற்ப மதித்து எழுதியது. அதில் தந்தையின் பெயரை நம்பலாம். நாளை நம்புவதற்குமுன் யோசிக்க வேண்டும். எந்தக் காரியத்துக்காக ஓர் ஏடு எழுதப்பட்டதோ, அந்தக் காரியத்தைச் சாராத செய்தியில் பொய் சொல்லத் தேவை குறைவு.

மாணவர்களே, குலமுறை தேடுவது குலப்பெருமை பேசுவதற்கன்று. நாலைந்து தலைமுறை பின்னே சென்றால் உழவரும் கூலியாளரும் வணிகரும் படைவீரரும் அயலூராரும் நம் முன்னோராக வந்து நிற்பர். சான்று கிடைத்ததை எழுதுங்கள். கிடைக்காத இடத்தை வெற்றிடமாகவே விடுங்கள். அழகான கதையால் அதனை நிரப்பாதீர்கள். வீட்டிலே மூத்த பாட்டியார் ஒருவர் இருந்தால், இந்த விடுமுறையிலேயே அவரிடம் சென்று அமர்ந்து, அவருடைய தாயின் பெயரையும், அத்தாயைப் பெற்றவளின் பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும் கேட்டு, தேதியிட்டு எழுதி வையுங்கள். ஆவணக் காப்பகம் எதிலும் இல்லாத செய்தி அது.