உப்புக்குக் குறுக்கே நின்ற களா

எங்க தோட்டத்து வேலியில களாச்செடி நாலஞ்சு நிக்குது. வருசம் பூரா பச்சைதான். காயைக் கிள்ளினா பால் வடியும். ஊறுகாய்க்கு அருமையான புளிப்பு. கறுத்துப் பழுத்தா பிள்ளைங்க விடமாட்டாங்க. கவட்டை முள்ளுக்குப் பயந்து ஆடு கிட்டவே வராது.

இதே செடி வடக்கே மனுசங்களை மறிச்சிருக்கு. வரி கட்டாத உப்பைத் தடுக்க, வெள்ளைக்காரன் சிந்து நதியிலிருந்து மகாநதி வரை சுமார் 2,300 மைலுக்குச் சுங்கக் கோடு போட்டான். முதல்ல வெட்டின முள்ளைத்தான் குவிச்சாங்க. கரையான் அரிச்சது, தீப்பிடிச்சது. 1867-ல் சுங்க ஆணையராக வந்த ஏ.ஓ. ஹியூம் உயிர்வேலி வளர்ப்பதில் இறங்கினார். (பின்னால் காங்கிரஸ் தொடங்க முன்னின்ற அதே ஹியூம்தான்!) இலந்தை, கருவேலம், களா, கள்ளி என்று அந்தந்த மண்ணுக்கு எது வருமோ அதை நட்டார்கள். காவலுக்குக் கிட்டத்தட்ட 12,000 ஆள். உப்பில்லாத கூழைக் குடிச்சவனுக்குத்தான் அந்த வேலியோட உசரம் தெரியும்.

1879-ல் கோட்டைக் கைவிட்டார்கள், வரியை விடலை. 1990-களில் ராய் மாக்ஸம் என்ற ஆங்கிலேயர் அந்த வேலியைத் தேடி அலைந்தார். கடைசியில் சம்பல் பக்கம் சிறு மிச்சம்தான் கிடைத்தது.