ரப்பர் பேண்டும் உதடும்

போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ அக்கா பொண்ணுகிட்ட வசமா மாட்டினேன். ஒன்பதாவது படிக்கிறா. அகலமான ரப்பர் பேண்ட் ஒண்ணை சடார்னு இழுத்து உதட்டுல வெச்சுப் பாத்துட்டு, "மாமா, சூடாகுது! ஏன்?"ன்னு கேட்டா. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச தெம்புல, "உராய்வும்மா"ன்னு அள்ளி விட்டேன். அவ கொஞ்ச நேரம் இழுத்தபடியே வெச்சிருந்து, சட்டுனு தளர்த்தி மறுபடி உதட்டுல வெச்சா.

"இப்ப ஜில்லுனு இருக்கே மாமா. உராய்ஞ்சா ஜில்லுனு ஆகுமா?"

கப்சிப். :( அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

இதே சோதனையை, இதே மாதிரி உதட்டுல வெச்சு, இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் செஞ்சு எழுதியிருக்கார். பேரு ஜான் காஃப். வட இங்கிலாந்துல கெண்டல்ங்கிற ஊர்க்காரர், 1757-ல பிறந்தவர். மூணு வயசு நிறையறதுக்குள்ள பெரியம்மை வந்து பார்வை போயிருச்சு. ஆனா மனுஷன் செடிகொடியை விரலால தொட்டே இனம் சொல்லுவாராம். அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்த வாத்தியாரும் இவர்தான்.

அப்போ ரப்பர் பேண்டே கிடையாது. அதுக்கு லண்டன்ல ஸ்டீபன் பெர்ரி காப்புரிமை வாங்கினது 1845-ல. காஃப் கையில இருந்தது மரத்துப்பால் காய்ஞ்ச வெறும் ரப்பர் துண்டு. 1805-ல மான்செஸ்டர் இலக்கிய, தத்துவக் கழகத்தோட தொகுதியில வந்த கட்டுரையில மூணு விஷயம் சொல்றார்.

ஒண்ணு, உதட்டோரம் வெச்சு இழுத்தா சூடு, விட்டா குளிர்ச்சி. ரெண்டு, ரப்பர் பட்டையில எடையைக் கட்டித் தொங்கவிட்டு சூடு காட்டினா பட்டை நீளாது, சுருங்கும்! தண்டவாளம் வெயில்ல நீளும்னு படிச்ச நமக்கு இது தலைகீழ். மூணு, குளிர்ந்த தண்ணிக்குள்ள வெச்சு இழுத்தா பழைய அளவுக்குத் திரும்பாம அசமந்தமா கிடக்கும். சுடுதண்ணியில போட்டா உயிர் வந்த மாதிரி சுருங்கும்.

ஏன்னு சொல்லத்தான் காலம் இடம் கொடுக்கல. வெப்பம்ங்கிறது பொருளுக்குள்ள ஊறியிருக்கிற ஒரு திரவம்னு பலரும் நம்பின காலம் அது. செய்யற வேலையே வெப்பமா மாறும்னு ஜூல் அளந்து காட்டினது 1840-கள்ல. அதே ஜூல்தான் 1859-ல காஃபோட சோதனைகளை நுட்பமான கருவிகளோட மறுபடி செஞ்சு, அவர் சொன்னது சரின்னு நிரூபிச்சார். இன்னைக்கு இதுக்குப் பேரே காஃப்-ஜூல் விளைவு.

முழு விடை கிடைக்க 1930-கள் வரை ஆச்சு. ரப்பர்ங்கிறது நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளோட கூட்டம்னு தெரிஞ்சப்புறம், 1934 வாக்குல வெர்னர் கூனும், தனியா கூத், மார்க் ரெண்டு பேரும் கணக்குப் போட்டாங்க. சுருக்கமா சொன்னா இடியாப்பம். சும்மா இருக்கிறப்போ சங்கிலிகள் கன்னாபின்னான்னு சிக்கிக் கிடக்கும். இழுத்தா நேராகும். சிக்கலா கிடக்க ஆயிரம் வழி, நேரா நிக்க கொஞ்சம் வழிதான். அதனால வெப்பத்துல சதா ஆடிக்கிட்டே இருக்கிற சங்கிலி, விட்டவுடனே சிக்கலுக்கே திரும்பும். சூடு ஏறினா ஆட்டம் கூடும், அதான் இன்னும் பலமா சுருங்குது.

இரும்பு ஸ்பிரிங்கை இழுத்தா நம்ம வேலை அணுக்களுக்கு நடுவுல இருக்கிற பிணைப்புக்குள்ள போய் உக்காரும். ரப்பர்ல அந்த வேலை பெரும்பாலும் வெப்பமா மாறிடும். சூடு வெளிய போனப்புறம் விட்டோம்னா, சுருங்கறப்போ செய்யற வேலைக்குத் தன்னோட சூட்டையே செலவழிக்கும். அதான் அந்த ஜில்!

உராய்வுக்கும் ஒரு ஓரமா பங்கு உண்டு. இழுக்க நாம செஞ்ச வேலை முழுசா திரும்பக் கிடைக்காது. விசையையும் நீளத்தையும் வரைபடமா போட்டா, திரும்பி வர்ற கோடு போன கோட்டுக்குக் கீழ வரும். நடுவுல இருக்கிற பரப்பு, உள்ளுக்குள்ளேயே வெப்பமா போன நஷ்டக்கணக்கு.

பரிட்சையில ரப்பர் பேண்ட் கணக்கு வந்தப்பல்லாம் 'அரை கே எக்ஸ் ஸ்கொயர்' எழுதி மார்க் வாங்கியிருக்கேன். அது ஸ்பிரிங்குக்கான சூத்திரம், ரப்பருக்கு சரியா பொருந்தாதுன்னு ஒருநாளும் யோசிச்சதில்ல. ஒரே ஒரு தடவை இழுத்து உதட்டுல வெச்சுப் பாத்திருந்தா சந்தேகமாவது வந்திருக்கும். காஃபுக்கு சூத்திரமும் இல்ல, பார்வையும் இல்ல. தொட்டுப் பாத்தார், உணர்ந்ததை அப்படியே எழுதி வெச்சார். காரணம் தெரியலைங்கிறதுக்காக விட்டுடல.

மறுநாள் காலையில அக்கா பொண்ணுகிட்ட, "நேத்து மாமா சொன்னது தப்பும்மா"ன்னு ஆரம்பிச்சு முழுக்கதையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப ஸ்பிரிங்கை இழுத்தா சூடாகுமா, ஜில்லுனு ஆகுமா?"ன்னா.

இன்னைக்கும் தூக்கம் போச்சு!

டிஸ்கி: நீங்களும் இழுத்துப் பாருங்க. புது ரப்பரா எடுங்க, கண்ணு பத்திரம் :)