கொள்வனவுச் சக்திச் சமநிலையில் தலைக்குரிய வருமானம்

ஒரு நாட்டில் ஓராண்டில் உருவான வருமானத்தைக் குடித்தொகையால் வகுத்து, கிடைக்கும் தொகையை அந்நாட்டு விலைவாசிக்கு ஏற்பத் திருத்திச் சொல்லும் அளவீடு. இதன் அலகு சர்வதேச டொலர். ஐக்கிய அமெரிக்காவில் ஒரு டொலருக்கு எவ்வளவு வாங்கலாமோ அவ்வளவைக் குறிக்கும் இந்தக் கணக்குப் பணத்தை எந்த வங்கியிலும் மாற்ற முடியாது. 2023இல் இலங்கையின் தலைக்குரிய மொத்த உள்நாட்டு உற்பத்தி, சந்தை நாணயமாற்று வீதப்படி ஏறத்தாழ 3,800 டொலர். கொள்வனவுச் சக்திப்படி 14,000 அளவில்.

இரண்டுக்கும் இடையில் இத்தனை தூரம் ஏன் என்பதை மட்டக்களப்பின் கல்லடியில் நின்றே விளக்கலாம். மட்டக்களப்பு வாவி இறாலுக்கும் நண்டுக்கும் வெளிநாட்டிலும் வாங்க ஆளுண்டு. ஆகவே அவற்றின் விலை உலகச் சந்தையை ஒட்டியே நிற்கும். சலூனில் முடிவெட்டுவதையோ, ஆட்டோ ஓட்டத்தையோ, பிள்ளைகளின் டியூசனையோ கப்பலேற்ற முடியாது. அவற்றின் விலை உள்ளூர்க் கூலியோடு போகும், கூலியோ குறைவு. வளர்ந்த நாடுகளில் ஏற்றுமதித் தொழில்களின் உற்பத்தித்திறன் கூலியை உயர்த்த, அதுவே சேவைகளின் விலையையும் உயர்த்திவிடுகிறது என்று பேலா பலாசாவும் போல் சாமுவெல்சனும் 1964இல் தனித்தனியே விளக்கினர்.

கொள்வனவுச் சக்திச் சமநிலை என்ற பெயர் இன்னும் பழையது: சுவீடனின் குஸ்தாவ் கசல் 1918இல் வழங்கியது. விலைகளை நாடு நாடாகச் சேகரித்து ஒப்பிடும் வேலை 1968இல் ஐக்கிய நாடுகள் சபையும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் தொடங்கியது. இப்போது உலக வங்கி முன்நின்று நடத்துகிறது. 2021ஆம் ஆண்டுச் சுற்றின் முடிவுகள் 2024 மே மாதத்தில் வந்தன. இலங்கையில் விலை திரட்டுவது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம். வேலை சுலபமல்ல. ஒரே தரமான பொருளை எல்லா நாட்டிலும் தேடவேண்டும். மட்டக்களப்பில் அன்றாடம் உண்ணும் அரிசி ஐரோப்பியக் கடையில் அபூர்வச் சரக்கு.

அளவீட்டின் பலமும் பலவீனமும் 2022இல் இலங்கையில் ஒன்றாகத் தெரிந்தன. ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. சந்தை வீதத்தில் தலைக்குரிய வருமானம் 4,000 டொலரளவிலிருந்து 3,500க்குக் கீழே இறங்கியது. கொள்வனவுச் சக்திக் கணக்கு நாணயத்தின் இந்தத் தள்ளாட்டத்தைப் பொருட்படுத்தாது. உற்பத்தி 7 வீதத்துக்கு மேல் சுருங்கியதை மட்டுமே காட்டும். அதிலும் அந்தந்த ஆண்டு விலையில் கணக்கிடும் நடைமுறை விலைத் தொடரைப் பார்ப்பவருக்கு அதுவும் தெரிந்திராது. அமெரிக்க விலைவாசி ஏறக்குறைய அதே அளவு உயர்ந்ததால் எண் பெரிதாக அசையவில்லை. விலையேற்றத்தைக் கழித்த நிலையான விலைத் தொடரையே பார்க்கவேண்டும் என்பது இதனால்தான். பலவீனம் இது: அதே ஆண்டு ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே தடவையில் 340 ஆனது. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரப் படகோடு கடலுக்குப் போகிறவருக்கு நாணயமாற்று வீதமே வாழ்க்கைச் செலவு. மலிவான முடிவெட்டு அதை ஈடுசெய்யாது. நாட்டின் சராசரிக் கூடை அவருடைய கூடையல்ல.

உலக வங்கி நாடுகளை வருமானத் தரம் பிரிக்க இந்த அளவீட்டைப் பயன்படுத்துவதில்லை என்பது பலர் கவனிக்காத செய்தி. 2019 ஜூலையில் உயர் நடுத்தர வருமான நாடாக ஏறிய இலங்கை அடுத்த ஆண்டே இறங்கியது டொலர்க் கணக்கில். மனித அபிவிருத்திச் சுட்டெண்ணோ கொள்வனவுச் சக்தி வருமானத்தையே எடுக்கிறது. மடக்கை எடுத்து, உச்சத்தை 75,000 சர்வதேச டொலரில் நிறுத்திவிடும்.

கிழக்கு மாகாணத்துக்கு இந்தக் கணக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. வெளிநாட்டில் உழைப்போர் வீட்டுக்கு அனுப்பும் பணம் கொடுக்கல்வாங்கல் கணக்கில் இரண்டாந்தர வருமானமாகப் பதிவாகிறது. 2024இல் அது 650 கோடி டொலரைத் தாண்டியது. அது உள்நாட்டு உற்பத்தியிலும் சேராது, தேசிய வருமானத்திலும் சேராது. வளைகுடாவில் வீட்டுவேலை செய்யும் தாயின் சம்பளத்தில் இங்கே எழும் வீடு கட்டுமான உற்பத்தியாகக் கணக்கில் ஏறும். அந்தக் குடும்பத்தின் வருமானம் ஏறாது.

மாகாண உற்பத்தியை மத்திய வங்கி வெளியிடுகிறது. 2022, 2023 ஆண்டுகளில் மேல் மாகாணத்தின் பங்கு மட்டும் 40 வீதத்துக்கு மேல். ஆனால் மாவட்ட விலை வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பது புள்ளிவிபரத் திணைக்களத்தின் வறுமைக்கோடுதான்: மாதந்தோறும் மாவட்டத்துக்கொரு தொகை, கொழும்புக்கே அதிகம்.