சம்பந்திச் சண்டை

பழைய காரை விடாப்பிடியாக வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தச் சங்கதி தெரிந்திருக்கும். காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. விளக்கைப் போட்டால் எரிகிறது. ஹாரனை அழுத்தினால் அலறுகிறது. இன்ஜின் மட்டும் அசைய மறுக்கிறது. உடனே நாலு பேர் கூடி, "பாட்டரி போச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பல சமயங்களில் பாட்டரி நிரபராதி. பாட்டரியும் கம்பியும் சேருகிற இடத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதே, ஒரு பொடி, அதுதான் குற்றவாளி. அதன் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டே போனால், கார் என்ற பெயரே பிறக்காத காலத்தில், ஒரு போர்க்கப்பலின் அடிவயிற்றில் போய் நிற்கிறோம்.

1761-ம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படையார் 'அலார்ம்' என்னும் கப்பலின் அடிப்பாகத்தைச் செம்புத் தகட்டால் போர்த்தினார்கள். வெப்பக் கடல்களில் ஒருவகைப் புழு கப்பல் மரத்தைத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும். அதைத் தடுக்கத்தான் இந்தச் செம்புக் கவசம். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்த் திரும்பிய கப்பலை 1763-ல் சோதித்தார்கள். மரம் பத்திரமாக இருந்தது. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. இதில் ஒரு வேடிக்கை. தகடுகளைச் சுற்றி வந்திருந்த பழுப்புக் காகிதம் சில இடங்களில் கிழிக்கப்படாமல், செம்புக்கும் ஆணிக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த இடங்களில் மட்டும் ஆணிக்கு ஒன்றும் நேரவில்லை!

பரிகாரம் கண்ணுக்கு முன்னால் இருந்தது, காரணந்தான் தெரியவில்லை. அது தெரிய ஒரு தவளை சாக வேண்டியிருந்தது. செத்த தவளையின் காலை இரண்டு வகை உலோகங்களால் தொட்டால் துடிக்கிறது என்று இத்தாலியரான கால்வானி 1791-ல் எழுதினார். மின்சாரம் தவளையின் உடம்பில் இருக்கிறது என்பது அவர் கட்சி. வோல்ட்டா என்ற மற்றொரு இத்தாலியர் அதை ஒப்பவில்லை. தவளை வெறும் சாட்சி. விஷயமெல்லாம் அந்த இரண்டு உலோகங்களுக்குள்ளே என்றார் அவர். 1800-ல் வெள்ளியும் துத்தநாகமுமாக வில்லைகளை மாற்றி மாற்றி அடுக்கி, நடுநடுவே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து, தவளை இல்லாமலே மின்சாரத்தை ஓடவிட்டார். முதல் பாட்டரி பிறந்தது.

நம் வீட்டுச் சம்பந்திகளை நினைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டு பேரும் தங்கமானவர்கள். நடுவே கோள் சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டால் தீர்ந்தது. உலோகங்களுக்கு அந்த ஆள் உப்பீரம். அது புகுந்தவுடன் இரண்டில் ஒன்று கரையத் தொடங்குகிறது. இந்தச் சண்டையை வேண்டுமென்று மூட்டி வேலை வாங்கினால் அதற்குப் பாட்டரி என்று பெயர். வேண்டாத இடத்தில் தானே மூண்டால் துரு. 'அலார்ம்' கப்பல் தன்னை அறியாமலே ஒரு பாட்டரியாகக் கடலில் மிதந்திருக்கிறது.

1912-ம் ஆண்டு காடிலாக் கார்களில் கெட்டரிங் என்ற அமெரிக்கர் செய்த மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதுவரை முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். அது திருப்பி உதைத்தால் கை எலும்பு முறியும். கைக்கு விமோசனம் கிடைத்தது; ஆனால் கம்பி இணைப்புகளின் தலையில் பாரம் ஏறியது. விளக்குக்குச் சில ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டருக்கு நூறு ஆம்பியருக்கு மேலும் வேண்டும். இணைப்பில் ஓர் ஓமில் நூறில் ஐந்து பங்கு தடை இருந்தாலே, நூறு ஆம்பியர் ஓடும்போது பன்னிரண்டு வோல்ட்டில் ஐந்து அங்கேயே பறிபோய்விடும். விளக்கு எரிந்தும் வண்டி கிளம்பாத மர்மம் இதுதான். கெட்டிக்கார மெக்கானிக்குகள் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு இணைப்பை விரலால் தொட்டுப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். சுட்டால் திருடன் அங்கேதான்.

பிரிட்டிஷ்காரர்கள் 1930-களின் நடுவிலிருந்து 1960-கள் வரை பல கார்களில் பாட்டரியின் நேர்முனையை வண்டியின் உடம்போடு சேர்த்தார்கள். அரிப்புக் குறையும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. பிறகு அவர்களே அதை எதிர்முனைக்கு மாற்றிக்கொண்டார்கள். முனையை மாற்றினாலும் ஈரம் எங்கே போகும்?

வைத்தியம் எளிது. முதலில் வண்டியின் உடம்போடு சேர்ந்த கம்பியைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பானர் தகரத்தில் பட்டுப் பொறி பறக்கும். சோடா உப்புக் கரைத்த வெந்நீரைப் பாட்டரிக்குள் இறங்காமல் ஊற்றினால் அமிலம் நுரைத்து அடங்கும். பிறகு ஈயமும் பித்தளையும் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே வாஸலின் தடவ வேண்டும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 2014-ல் உற்பத்தி நின்ற நம் அம்பாஸடரானாலும் சரி, வேறெந்தப் பழைய வண்டியானாலும் சரி, இன்ஜின் ரப்பர் மெத்தைமேல் உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் திரும்பி வர அதிலிருந்து இரும்பு உடம்புக்குப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று போகும். சேறும் மழைநீரும் படுகிற இடத்தில், செம்பும் இரும்பும்! அதே 'அலார்ம்' கப்பல்தான். அந்தப் பட்டை கெட்டால் மின்சாரம் குறுக்கு வழி தேடி, சோக் கம்பி வழியாகக்கூட ஓடி அதைச் சுட வைக்கும்.

சென்னை போன்ற கடற்கரை ஊரில் காற்றே உப்புக் காற்று. செம்பில் களிம்பு ஏறும் என்பது நமக்குப் புதிதல்ல. புளி போட்டுத் தேய்த்த பாட்டிமார் அதைத் தினந்தோறும் சமாளித்தார்கள். நாமோ புதுப் பாட்டரி வாங்கப் பணம் எடுத்து வைக்கிறோம். உப்புத்தாளுக்குக் கால் மணி நேரம் எடுத்து வைப்பதில்லை. கப்பலின் ஆணியைக் காத்தது, கிழித்து எறிய மறந்துபோன ஒரு காகிதத் துண்டு. காரைக் காக்க அரை விரல் வாஸலின் போதும்.