சத்திரமும் சாப்பாட்டு விடுதியும்

ஆக்கிய சோற்றை விலைக்கு விற்பது இழிவு என்று கருதியோர் நம் முன்னோருள் பலர். மதுரைக்காஞ்சி காட்டும் அங்காடியில் தின்பண்டம் விற்போர் உண்டு என்பது உண்மையே. ஆயினும் பசித்து வந்த வழிப்போக்கனுக்கு இலையிட்டபின் கைந்நீட்டிக் காசு கேட்பதை நம் நாட்டுப்புறம் நெடுங்காலம் ஒப்பவில்லை. இன்றோ அதனை ஓட்டல் தொழில் எனப் பெருமையுடன் வழங்குகின்றோம். அதனைக் கற்பிக்கக் கல்லூரிகளும் உள. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? பிழைப்பு நாடி வடக்கே வந்த நம் குடும்பங்களுக்கு இவ்வினா ஏட்டாராய்ச்சி மட்டும் அன்று. புகைவண்டியினின்று இறங்கிய நம் தந்தையர்க்கும் பாட்டனார்க்கும் முதற்சோறு இட்டது பெரும்பாலும் சத்திரம் அன்று. காசுக்கு இலை போட்ட மெஸ்தான்.

சத்திரம் எவ்வாறு இயங்கிற்று என்பதனை முதலில் நோக்குவோம். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவர யாத்திரை வழியெங்கும் சத்திரங்கள் அமைத்தனர். இரண்டாம் சரபோஜி 1802-இல் ஒரத்தநாட்டில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் இன்றும் காணத்தக்கது. இச்சத்திரங்களைப் பற்றி அம்மன்னர் 1801-இல் ஆங்கில அதிகாரிக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. எல்லாச் சாதியாருக்கும் அங்கே சோறு இடப்பட்டது. நள்ளிரவில் மணி அடித்து, அதுவரை உண்ணாதார் எவரேனும் உளரோ என்று அழைத்து, அவர்க்கும் அன்னம் அளித்தனர். நோயுற்றார்க்கு மருத்துவர் இருந்தார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஆசிரியர் இருந்தார். கருவுற்ற பெண் வழியில் வந்து சேர்ந்தால் பேறு பார்த்தனுப்பும் பொறுப்பும் சத்திரத்தினுடையதே. இன்றைய ஐந்து நட்சத்திர விடுதி எதுவும் இத்துணைப் பொறுப்பை ஏற்பதாக நாம் அறியோம்!

ஆனால் அக்கடிதத்திலேயே இன்னொரு செய்தியும் உளது. ஆக்கிய சோற்றை ஏற்க விரும்பாதார்க்கு அரிசியாகவே அளந்து கொடுத்தனராம். யார் கை சமைத்தது, யார் அருகில் அமர்ந்து உண்பது என்னும் கேள்வி அந்த அறச்சாலையின் வாயிலிலும் நின்றுகொண்டுதான் இருந்தது.

சத்திரத்தைத் தளரச் செய்தது புகைவண்டி. 1861-இல் நாகப்பட்டினத்திற்கும் தஞ்சைக்கும் இடையே இருப்புப்பாதை வந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மாதக்கணக்கில் நடந்து சென்ற யாத்திரிகன் இரண்டொரு நாளில் சென்று திரும்பலானான். இடைவழித் திண்ணைகள் வெறிச்சோடின. அதே புகைவண்டி வேறொரு வகை வழிப்போக்கனைப் பிறப்பித்தது. இவன் புண்ணியம் தேடிச் சென்றவன் அல்லன். சம்பளம் தேடிச் சென்றவன். ஒருநாள் தங்கிச் செல்பவனும் அல்லன், ஆண்டுக்கணக்கில் இருப்பவன். அவனுக்கு எந்த அறக்கட்டளை நாள்தோறும் சோறிடும்?

வெள்ளையர்க்கும் செல்வர்க்கும் விடுதிகள் முன்னரே எழுந்துவிட்டன. அந்நாளில் பம்பாய் என வழங்கிய மும்பையில் வாட்சன் ஓட்டல் இருந்தது. 1896-இல் லூமியேர் சகோதரர்களின் சலனப்படம் இந்நாட்டில் முதன்முதல் காட்டப்பட்டது அங்கேதான். 1903-இல் தாஜ்மகால் ஓட்டல் திறக்கப்பெற்றது. ஐம்பது ரூபாய்க் குமாஸ்தாவுக்கு இவற்றின் வாயிற்படியில் என்ன வேலை? அவனுக்கு வேண்டியது சாம்பாரும் ரசமும் மோரும்.

அவை மாதுங்காவில் கிடைத்தன. 1940-இல் கபே மெட்ராஸ், 1942-இல் ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் என அங்கே விடுதிகள் எழுந்தன. மதராஸிச் சாப்பாடு என்று வடநாட்டார் கூறும் இட்டலி தோசையை இங்கே பரப்பியவருள் பெரும்பங்கினர் உடுப்பிப் பக்கத்தாரே. நம் பெருமை பேசும்பொழுது இதனை மறைத்தல் முறையன்று. மெஸ்ஸில் கிடைத்தது சோறு மட்டும் அன்று. எந்த அலுவலகத்தில் இடம் காலியாக உளது, எங்கே அறை வாடகைக்குக் கிடைக்கும், யார் வீட்டில் பெண் இருக்கிறாள் என்பன எல்லாம் பக்கத்து இலைக்காரர் வாயிலாகவே தெரிய வந்தன.

இனி, கசப்பான பகுதிக்கு வருவோம். நம் ஊர் ஓட்டல்களில் சாதிப்பெயர் தாங்கிய பலகைகள் நெடுநாள் தொங்கின. சிலவற்றில் உள்ளறை ஒரு சாரார்க்கு, வெளியறை பிறர்க்கு என்றிருந்தது. சிலர்க்கு இரண்டும் இல்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, உணவு விடுதிக்குள் நுழைய எவரையும் சாதி காரணமாகத் தடுத்தல் ஆகாது என்றது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அப்பொழுதும் பலகைகள் எளிதில் இறங்கவில்லை. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் முன் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்து சிறை செல்ல வேண்டியிருந்தது. அறம் முற்றிலும் திறவாத கதவைச் சட்டமும் காசும் சேர்ந்து திறந்தன என்பதே நம் கருத்து. மேசைக்கு வந்த தட்டு எவர் தொட்டது என்று இன்று கேட்பார் குறைவு. காசில்லாதவன் நிலை வேறு. அவனை எண்ணியே 2013-இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் திறந்து, ஒரு ரூபாய்க்கு இட்டலி அளித்தது. இது தானமும் அன்று, வாணிகமும் அன்று.

பரிமாறியவர் வரலாற்றை எவரும் விரித்து எழுதுவதில்லை. காப்பி வாரியம் தன் காப்பி நிலையங்களை மூடத் தலைப்பட்டபொழுது, வேலையிழந்த பணியாளர்கள் ஏ. கே. கோபாலன் ஊக்கத்தால் 1957-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாமே நடத்தத் தொடங்கினர். தில்லிவாசிகளுக்கு அதன் காப்பி மணம் தெரியும். மேசை துடைத்த சிறுவர்களுக்கோ விடிவு நெடுநாள் கழித்தே வந்தது. ஓட்டல்களில் குழந்தைகளை வேலைக்கு வைத்தல் தடை செய்யப்பட்டது 2006-இல்தான்.

வருங்காலம் எத்தகையது? இன்று கைப்பேசியில் விரல் வைத்தால் உணவு வீடு தேடி வருகிறது. அமர்ந்துண்ண ஓர் இருக்கைகூட இல்லாத சமையற்கூடங்கள் பெருகுகின்றன. சமைத்தவரை உண்பவர் காண்பதில்லை. பக்கத்து இலை என ஒன்றும் இல்லை. அதனால் புதிதாய் ஊருக்கு வரும் நம் பிள்ளைகள் எவரிடம் அறை விசாரிப்பர் என்பது நம் கவலை. வெயிலிலும் மழையிலும் அவ்வுணவைச் சுமந்து வரும் இளைஞர்க்கோ ஒதுங்க ஒரு திண்ணையும் இருந்ததில்லை. 2025-இல் சென்னை அண்ணாநகரில் மாநகராட்சி அவர்களுக்கென்றே ஓர் ஓய்வறை திறந்தது. குளிர்காற்றும், கழிப்பறையும், கைப்பேசிக்கு மின்னூட்டும் வசதியும் அங்கே உள. சத்திரம் என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை.