செம்பட்டையின் விலை

கூந்தலுக்கு அழகு கருமை என்பதில் தமிழ்க் கவிகளுக்குள் கட்சிப் பிரிவினையே கிடையாது. கார்மேகம் என்பார் ஒருவர்; ஆற்றுக் கருமணல் என்பார் இன்னொருவர். கருமை குறைந்த முடிக்கு நம் ஊரில் ஒரு பெயர்தான் உண்டு: செம்பட்டை. அந்தச் சொல்லை யாரும் புகழ்ச்சியாகச் சொன்னதில்லை.

கொங்கு நாட்டு மேட்டுக் காடுகளில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்குச் செம்பட்டை விழுவது சகஜம். எண்ணெய் காணாத தலை; நாள் முழுதும் வெயில். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் முடியின் கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். வயிற்றுக்கும் போதாமல் போனால் முடி இன்னும் சிவக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்று கானா என்று வழங்கும் நாட்டில் பணியாற்றிய ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர், 1935-ல் ‘குவாஷியார்கர்’ என்ற நோயின் பெயரை மருத்துவ உலகத்துக்கு அறிவித்தார். புரதம் போதாத குழந்தைகளுக்கு வரும் நோய் அது. கறுத்த முடி செம்பட்டையாவது அதன் அடையாளங்களில் ஒன்று. ஆகவே, பேரப்பிள்ளையின் தலையில் செம்பட்டையைக் கண்டு நம் பாட்டிமார்கள் கவலைப்பட்டது மூட நம்பிக்கை அல்ல. வறுமையின் நிறம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே நிறத்தை இன்று காசு கொடுத்து வாங்குகிறோம். கோயமுத்தூர் கிராஸ்கட் ரோட்டில் மாலை வேளையில் நின்று பார்த்தால் தேன் நிறம், செம்பு நிறம், கோதுமை நிறம் என்று பல வகைத் தலைகள் கடந்து போகின்றன. ஆண் பெண் வித்தியாசம் இல்லை. அதைக் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை. அவரவர் தலை அவரவருக்குச் சொந்தம். ஆனால் அந்த நிறத்தைக் கொண்டுவரும் மருந்து எங்கிருந்து வந்தது, அது என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதைத் தலையில் வைத்துக்கொள்வது சரியல்ல. அந்த மருந்தின் சரித்திரத்தில் கொங்கு நாட்டுக்கு ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது.

முடியை வெளுக்கும் ஆசை மேல்நாட்டில் பழையது. வெனிஸ் நகரத்துச் சீமாட்டிகள் வீட்டுக் கூரைமேல் மரமேடை கட்டி, அதில் நடு வெயிலில் உட்கார்ந்திருப்பார்களாம். தலையில் உச்சி இல்லாத தொப்பி. விளிம்பு மட்டும் அகலமாக இருக்கும். உச்சித் துவாரத்தின் வழியே கூந்தலை வெளியே எடுத்து விளிம்பின்மேல் பரப்பி, மருந்து நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். முகம் கறுக்கக்கூடாது, முடி வெளுக்க வேண்டும். அதற்காகச் செய்த ஏற்பாடு. 1590-ல் உலகத்து உடைகளைப் பற்றிப் பெரிய புத்தகம் வெளியிட்ட செஸாரே வெசெல்லியோ இதைப் படத்தோடு எழுதி வைத்திருக்கிறார். நம் ஆட்டுக்காரப் பிள்ளைகளுக்கு வெயில் இலவசமாகச் செய்ததை, அந்தச் சீமாட்டிகள் மணிக்கணக்கில் தவமிருந்து பெற்றார்கள்.

தவத்தைச் சுருக்கியவர் பிரெஞ்சு ரசாயன நிபுணர் தெனார். 1818-ல் அவர் ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற திரவத்தைக் கண்டுபிடித்தார். தண்ணீர்தான்; ஆனால் ஓர் ஆக்ஸிஜன் அணு கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த அதிகப்படி அணு நிலையாக இருக்காது; எதையாவது பிடித்துத் தாக்கக் காத்திருக்கும். அதைக் கூந்தலின் பக்கம் திருப்பிவிட்டவர்கள் இருவர். 1867-ம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சியில், லண்டன் ரசாயன வியாபாரி தியெல்லேயும் பாரிஸ் சிகையலங்காரர் யூகோவும் நூற்றுக்கு 3 பங்கு பெராக்சைடு கலந்த நீரால் முடியை வெளுத்துக் காட்டினார்கள். அந்தத் தண்ணீருக்கு ‘பொன் இளமை ஊற்று’ என்ற பொருளில் பெயரும் சூட்டினார்கள்.

பிறகு சினிமா வந்தது. 1931-ல் ‘பிளாட்டினம் பிளாண்ட்’ என்ற படத்தில் நடித்த ஜீன் ஹார்லோவின் வெள்ளி முடியைப் பார்த்து அமெரிக்கப் பெண்கள் மயங்கினார்கள். பெராக்சைடும் அம்மோனியாவும் போதாமல், துணி வெளுக்கும் திரவத்தையும் சோப்புத் தூளையும் சேர்த்து அவர் தலையில் பூசியதாக அவருடைய சிகையலங்காரரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். விளைவு என்ன? முடி நொறுங்கிப்போய், பின்னால் வந்த படங்களில் அவர் பொய் முடி அணிய வேண்டியதாயிற்று. துணிக்கு உள்ள மருந்தைத் தலைக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது பெரிய எச்சரிக்கை.

துணிக்கு உள்ள மருந்து என்று சொன்னவுடன் நம் ஊருக்கு வந்துவிடலாம். கொங்கு நாடு பருத்தி விளைந்த சீமை. வெளுப்பு அதன் பழைய தொழில். கிராமங்களில் சலவைத் தொழிலாளர்கள் உவர் மண் கரைத்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, பானைமேல் அடுக்கி, வெள்ளாவியில் வேகவைத்து, விடிந்ததும் ஆற்றுக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து வெயிலில் விரிப்பார்கள். உவர் மண்ணின் காரமும், ஆவியும், சூரியனும் சேர்ந்து செய்த வேலை. ஊரையே வெளுத்துக் கொடுத்தவர்களுக்கு ஊர் கொடுத்த கூலி பெரும்பாலும் அந்தி நேரத்துச் சோறு. ரசாயனம் படிக்காத அந்த மனிதர்கள் ஒரு விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தார்கள்: பட்டையும் கம்பளியையும் வெள்ளாவியில் வைக்கமாட்டார்கள். பருத்தி செடியின் நார், காரத்தைத் தாங்கும். பட்டும் கம்பளியும் ஜீவராசிகளின் உடம்பிலிருந்து வந்த புரதம், காரத்தில் கரையும். மனிதனின் முடி எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை. அது கம்பளியின் உடன்பிறப்பு.

ஐரோப்பாவில் 1785-ல் பெர்த்தோலே குளோரினால் துணியை வெளுக்கலாம் என்று காட்டினார். 1799-ல் ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் டென்னன்ட் அதையே பொடியாக்கி உரிமை பெற்றார். அதுதான் நாம் கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடர். 1888-ல் ஸ்டேன்ஸ் கோயமுத்தூரில் நூற்பு ஆலை தொடங்கினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. திருப்பூரில் பனியன் தொழில் வேரூன்றியது. பின்னல் இயந்திரத்திலிருந்து வரும் துணி வெள்ளையாக இருக்காது; மங்கிய மஞ்சளாக இருக்கும். அதைப் பால்போல் ஆக்குவதற்குச் சலவைப் பட்டறைகள் எழுந்தன. முதலில் பிளீச்சிங் பவுடர், பிற்பாடு பெராக்சைடு. பாரிஸில் கூந்தலுக்குக் காட்டிய அதே சரக்கு, இங்கே காஸ்டிக் சோடாவோடு சேர்ந்து, கொதிநிலையை நெருங்கும் சூட்டில் பனியனை வெளுத்தது.

துணி மட்டும் அல்ல, முடியும் இந்தச் சீமையிலிருந்து வெளியே போகிறது. கொங்கு நாட்டின் தென் எல்லையில் பழனி இருக்கிறது. பிரார்த்தனைக்காக இறக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விற்கிறது. பழனி, திருமலை போன்ற தலங்களின் முடி தரம் பிரிக்கப்பட்டுக் கடல் கடந்து, பொய் முடியாகவும் ஒட்டுமுடியாகவும் மாறுகிறது. மேல்நாட்டாருக்கு வேண்டிய நிறம் பொன். நம் பக்தர்களின் முடியோ கறுப்பு. ஆகவே முதலில் வெளுக்க வேண்டும், பிறகு சாயம் ஏற்ற வேண்டும். நல்ல சரக்குத் தயாரிப்பவர்கள் இந்த வேலைக்கு நாள் கணக்கு, வாரக் கணக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அவசரப்பட்டால் முடி வைக்கோலாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். 2004-ல் ஒரு விசித்திரம் நடந்தது. கலியாணமான யூதப் பெண்களில் ஆசாரமானவர்கள் சொந்தக் கூந்தலை மறைக்கப் பொய் முடி அணிவார்கள். இந்தியக் கோயில் முடி விக்கிரக வழிபாட்டில் கொடுத்தது என்பதால் அதை அணியக்கூடாது என்று ஜெருசலேம் மதகுரு எல்யாஷிவ் தீர்ப்புச் சொன்னார். நியூயார்க் புரூக்ளினில் பொய் முடிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். முடியின் நிறத்தை எடுத்துவிடலாம். பிறந்த இடத்தை எடுக்க முடியவில்லை!

இரண்டு சரித்திரங்களும் ஒரே வீட்டில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை என் அண்ணன் மகள் எனக்குக் காட்டினாள். அண்ணன் திருப்பூர்ப் பக்கம் துணித் தொழிலில் இருக்கிறார். ஒரு நாள் அவள் என்னிடம் கேட்டாள்:

“ஏனுங் சித்தப்பா, கடையில விக்கற பாட்டல்லயும் பெராக்சைடுதான். பட்டறை கேன்லயும் பெராக்சைடுதான். அப்புறம் எதுக்குங் காசு குடுத்து வாங்கோணும்?”

தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறதே! பட்டறைக்கு வரும் கேனில் நூற்றுக்கு 50 பங்குகூட பெராக்சைடு இருக்கும். தோலில் பட்டால் வெள்ளையாகப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தலைக்கு விற்கும் புட்டிகளில் 3, 6, 9, 12 பங்குதான். இவற்றையே 10, 20, 30, 40 ‘வால்யூம்’ என்று எழுதியிருப்பார்கள். ஒரு பங்கு திரவத்திலிருந்து எத்தனை பங்கு ஆக்ஸிஜன் வாயு வெளிவரும் என்பதற்கான கணக்கு அது. வீட்டில் செய்துகொள்பவர்கள் 20-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

அங்கே நாற்பது வருஷம் சலவைத் தொட்டியடியில் நின்ற பெரியவர் ஒருவர் இருந்தார். நான் ஐந்து நிமிஷம் சொன்னதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: “அம்மிணி, அது பசிச்ச மாடாட்ட. வெச்ச தீவனத்தைத் தின்னு முடிச்சா, கட்டுன கவுத்தையும் தின்னுபோடும்.”

ரசாயனப் புத்தகமும் இதைத்தான் சொல்கிறது. முடியின் மேல்புறம் மீன் செதிள்போல் அடுக்கடுக்காக இருக்கும். அம்மோனியா அந்தச் செதிளைத் தூக்கிவிடும். பெராக்சைடு உள்ளே போய் மெலனின் என்ற கறுப்பைச் சிதைக்கும். கறுப்பு முதலில் சிவப்பாகும், பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். கறுப்பு தீர்ந்தபின்னும் விட்டுவைத்தால், முடியைக் கட்டிப் பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை மேலும் மேலும் அறுக்கும். நனைத்தால் பஞ்சுபோல் இழுபடுகிற, காய்ந்தால் ஒடிகிற முடி அப்படி உண்டாவது. நம்முடைய கறுப்பு மிகவும் அடர்த்தியானது. ஆகவே ஒரே நாளில் வெள்ளி நிறம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. செம்பு நிறத்தோடு நிறுத்திக்கொள்பவர் புத்திசாலி.

அவளுக்கு நான் சொன்ன மற்றவற்றை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி, 48 மணி நேரம் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ கண்டால் அந்த மருந்து உங்களுக்கு ஆகாது. மறைவான ஒரு கற்றையில் முதலில் சோதித்து எத்தனை நிமிஷம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெளுப்புப் பொடியில் உள்ள பெர்ஸல்பேட் சிலருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கிண்ணம், கையுறை. உலோகக் கிண்ணம் ஆகவே ஆகாது. பட்டறையில் துணியில் ஒரு துருக் கறை இருந்தால் பெராக்சைடு அந்த இடத்தில் வெறி பிடித்து ஓட்டையே போட்டுவிடும். கலப்பட மருதாணிப் பொடியிலும், கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும் சில சாயங்களிலும் உலோக உப்பு இருக்கும். அந்தத் தலையில் பெராக்சைடு பட்டால் சூடேறி முடி பொசுங்கக் கூடும். அப்படிப்பட்டவர்கள் வெளுப்பதையே விட்டுவிட வேண்டும். மண்டையின் சூட்டினால் வேர்ப்பக்கம் சீக்கிரம் வெளுக்கும். அதைக் கடைசியில் பூச வேண்டும். வெயிலில் உட்காருவது, சூடு காட்டுவது கூடாது. எரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மீந்த கலவையை மூடி வைத்தால் வாயு சேர்ந்து புட்டி வெடிக்கும், கொட்டிவிட வேண்டும். தலையில் புண் இருந்தாலும், தலை குழந்தையுடையதாக இருந்தாலும், பேச்சே வேண்டாம். பிளீச்சிங் பவுடரைத் தலைக்குக் கொண்டுபோவதைப் பற்றி நினைக்கவும் கூடாது. அது முடியைக் கரைக்கும். எலுமிச்சை இயற்கைதானே என்பார்கள். அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் வரும்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. வெளுத்த முடியிலும்கூட, தலை கழுவும்போது புரதம் கழிந்துபோவதைத் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது என்று இந்திய ஆய்வாளர்கள் இருவர் 2003-ல் எழுதினார்கள். பொள்ளாச்சிக்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார்கள்.

வெளுப்புக்கு எப்போதும் ஒரு விலை உண்டு. அதை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. வெள்ளிங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யலில், சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் பாசனத்துக்காக அணை கட்டினார்கள். சாயப் பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் விட்ட உப்பு நீர் அதில் தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள் அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில், கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே வராத ஏற்பாடு செய்யும்வரை பட்டறைகளை மூடவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உலகத்தின் பனியன்கள் வெளுத்தன. அதன் விலையை ஒரு நதியும் அதன் கரையில் இருந்த வயல்களும் கொடுத்தன.

தலைமுடியை வெளுப்பவர் கொடுக்கும் விலை அவ்வளவு பெரியதல்ல. தவறிப்போனாலும் வேர் பிழைத்திருந்தால் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கறுப்பு மறுபடியும் முளைத்துவிடும். நொய்யலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.