நிகர அளவீடு

கூரையில் சோலார் பேனல் வைத்த வீட்டில் மீட்டர் இரண்டு கணக்கு வைக்கும்: லைனிலிருந்து எடுத்த யூனிட், லைனுக்கு அனுப்பிய யூனிட். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, மிஞ்சியதற்கு மட்டும் பணம் கட்டுவது நிகர அளவீடு.

‘நிகர்’ என்றால் ஒப்பு, சமம். நிகரற்றவள், அவனுக்கு நிகர் அவனே என்கிறோமே, அந்த நிகர். வணிகக் கணக்கில் ‘நிகர லாபம்’, ‘நிகர எடை’ என்றால் கழிக்க வேண்டியதைக் கழித்தபின் நிற்பது.

நிகர அளவீட்டில் இரு பொருளும் சேர்ந்தே இருந்தன. பகலில் கொடுத்த யூனிட்டுக்கு இரவில் எடுத்த யூனிட் நிகர். கலிபோர்னியாவில் அந்தச் சமம் போய்விட்டது. அங்குள்ள பொதுப்பயன்பாட்டு ஆணையம் 2022 டிசம்பரில் விதியை மாற்றியது. 2023 ஏப்ரல் 15 முதல் விண்ணப்பிப்போருக்கு ‘நிகர பில்லிங்’. அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைக்கும் மதிப்பு சராசரியாக முக்கால் பங்கு குறைந்தது. பெயரில் ‘நிகர’ இருக்கிறது. ஆனால் கழித்தல் மட்டும்தான் மிச்சம், ஒப்பு இல்லை. பேனல் இல்லாத வீடுகள்மேல் லைன் செலவு ஏறுகிறது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் நண்பகலில் கொடுத்து மாலையில் திரும்பப் பெறும் குடும்பம் இனி பேட்டரியும் வாங்கியாக வேண்டிய நிலை. கடன் வாங்கிப் பேனல் போட நினைப்பவர்களை எண்ணி வருந்துகிறேன். முன்பே இணைந்த வீடுகளுக்கு, இணைந்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் பழைய கணக்கே தொடரும்.